படலைக்கு வெளியே: இணுவிலிலும் அயலிலும் பெண்கள் வீடு கடந்த வரலாறு

இணுவில், யாழ்ப்பாண நகரத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் வீதியில் கோண்டாவிலைத் தாண்டியதும் வரும் செம்மண் ஊர். கிணற்று நீரில் புகையிலையும் வெங்காயமும் விளையும் தோட்டங்கள், பரராசசேகரப் பிள்ளையார் கோயில், கந்தசுவாமி கோயில், பஞ்சவர்ணத்தூது பாடிய சின்னத்தம்பிப் புலவர், நாதசுரமும் தவிலும் வாழையடி வாழையாக வந்த இசைக் குடும்பங்கள் என்று ஊரின் பெருமைகள் பல. அதே ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. வீட்டின் சொல்லுக்குள் அடங்கி வாழ்ந்த பெண்கள் அந்த வீட்டைக் கடந்து வெளியே வந்த வரலாறு அது. அதற்கு வழி திறந்த மூன்று நிலையங்கள் இணுவிலிலும் அதை ஒட்டிய அயலிலும் அமைந்தன: 1824 இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலை, 1898 இல் இணுவில் மக்லியட் ஆஸ்பத்திரி, 1913 இல் மருதனார்மடத்து இராமநாதன் கல்லூரி. மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ளவை. ஒவ்வொன்றும் ஒரு கதவைத் திறந்தது. அந்தக் கதவால் உள்ளே வந்தவளுக்குத் தன் கட்டுப்பாட்டையும் விதித்தது. பிறந்த வீட்டை விட்டவள் இன்னொரு வீட்டின் சொல்லுக்குள் போவதும், அதையும் கடந்து தன் பேரில் சம்பளமும் காணியும் கையொப்பமும் கிடைக்கும்போதே உண்மையான விடுதலை வருவதும் இந்த வரலாற்றில் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

வீடும் வேலியும்

யாழ்ப்பாணத்து வளவைச் சுற்றிக் கிடுகாலோ பனையோலையாலோ அடைத்த வேலி நிற்கும். உயரம் ஆள் மறையும் அளவு. வேலியின் ஓரிடத்தில் படலை. படலையைத் திறந்தால் முற்றம், பிறகு திண்ணை, அதற்கு அப்பால் அறைகள், பின்புறம் குசினி, கோடியில் கிணற்றடி. வசதியுள்ள வீடுகள் நடுமுற்றத்தைச் சுற்றி நாற்சாராக அமைந்தன. இந்த அமைப்புக்குள் ஆணுக்குரிய இடமும் பெண்ணுக்குரிய இடமும் பிரிந்து கிடந்தன. ஊர்க்கதையும் காணிக்கதையும் திண்ணையில் நடந்தன. பெண்ணின் உலகம் குசினிக்கும் கிணற்றடிக்கும் இடையில் இருந்தது.

பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் இந்த எல்லை இன்னும் இறுகும். சாமத்தியச் சடங்கு முடிந்த பிறகு அவள் 'குமர்'. வீட்டில் குமர் இருக்கிறது என்றால் தகப்பன் அதிர்ந்து பேசமாட்டார், தமையன் தன் கலியாணத்தைத் தள்ளிப்போடுவான். குமரைக் கரைசேர்ப்பது குடும்பம் முழுவதற்கும் உரிய கடமை. அதற்குச் சீதனம் வேண்டும். சீதனத்துக்குக் காணியும் நகையும் காசும் வேண்டும். சம்பந்தம் பேசும்போது சாதி, குலம், கோத்திரம், குறிப்புப் பொருத்தம் எல்லாம் பார்க்கப்படும். பெண்ணின் விருப்பம் கேட்கப்படுவது அருமை. 'ஊர்ச்சனம் என்ன சொல்லும்' என்ற ஒரு கேள்வி எல்லாக் கேள்விகளுக்கும் விடையாக நின்றது.

இந்தக் கட்டுக்குள் அன்பு இல்லாமல் இல்லை. தங்கைகளுக்காக மலாயாவுக்குக் கப்பலேறி, றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை செய்து, மாதந்தோறும் காசு அனுப்பிய தமையன்மார் இணுவில் அடங்கிய வலிகாமத்தின் எல்லா ஊர்களிலும் இருந்தார்கள். அந்த அன்புதான் கட்டை அறுப்பதைக் கடினமாக்கியது. வெளியேற நினைத்தவள் எதிர்த்து நிற்க வேண்டியிருந்தது தனக்காகவே உழைத்து ஓடாய்த் தேய்ந்தவர்களை.

தேசவழமை

குடும்பத்தின் பிடிக்குப் பின்னால் வழக்கம் மட்டுமல்ல, சட்டமும் நின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் ஆளுநர் சிமொன்ஸின் பணிப்பின்படி, யாழ்ப்பாணத்தில் 37 ஆண்டுகள் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்த நாட்டுத் தமிழரின் வழமைகளைத் திரட்டி 1707 இல் எழுதி முடித்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். பிரித்தானியர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். தேசவழமை என்று இன்றும் வழங்கும் சட்டம் இதுவே.

தேசவழமை சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பெற்றோர் வழியில் வருவது முதுசொம். பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுப்பது சீதனம். கணவனும் மனைவியும் சேர்ந்து வாழும் காலத்தில் சம்பாதிப்பது தேடியதேட்டம். பெண்ணுக்கென்று காணி உரிமை இருந்தது இந்தச் சட்டத்தின் நல்ல பக்கம். இந்தியாவின் பல பகுதிகளில் பெண் பேரில் ஒரு துண்டு நிலமும் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்துப் பெண் சீதனக் காணிக்கு உரிமைக்காரியாக இருந்தாள். ஆனால் அந்தக் காணியைக் கணவனின் சம்மதம் இல்லாமல் அவள் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. உரிமை அவள் கையில், சாவி அவன் கையில்.

இந்தச் சட்டம் ஆண்பிள்ளையையும் விட்டுவைக்கவில்லை. பெற்றோர் இருக்கும்வரை மகன் எதையும் பங்கு கேட்க முடியாதிருந்தது. கலியாணம் ஆகும் வரை அவன் உழைத்ததெல்லாம் குடும்பத்தின் பொதுச் சொத்தில் சேரவேண்டியிருந்தது. உடம்பில் அணிந்த பொன், வெள்ளி நகைகளுக்கு மட்டும் விலக்கு. பிற்காலத்தில் மலாயாவிலிருந்து காசு அனுப்பிய இளைஞனின் மனதுக்குள் இருந்த கணக்கும் இந்தப் பழைய விதியோடு ஒத்தே போனது. அவன் உழைப்பு குடும்பத்துக்குச் சொந்தம். அவன் கலியாணம் தங்கைகளின் கலியாணத்துக்குப் பிறகு. வீட்டை விட்டுப் போவதென்றால் ஆணுக்கும் கையில் ஒன்றும் இல்லாமல் போவதுதான்.

இதனால் பழைய யாழ்ப்பாணத்தில் குடும்பத்தைப் பிரிந்து வாழ ஊர் ஏற்றுக்கொண்ட வழி பெரும்பாலும் ஒன்றுதான் இருந்தது: துறவு. காவி உடுத்தவனை ஊர் கையெடுத்துக் கும்பிட்டது. அதே மனிதன் காவி உடுக்காமல் தன் விருப்பத்துக்கு வாழப் புறப்பட்டிருந்தால் 'குடும்பத்தைக் கைவிட்டவன்' என்ற பேர் சாகும்வரை போயிராது. பெண்ணுக்கு அந்தத் துறவு வழியும் ஏறக்குறைய அடைபட்டே கிடந்தது.

உடுவில், 1824

அமெரிக்க மிஷனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கிய அவர்களின் பணி 1820 இல் உடுவிலுக்கு வந்தது. 1823 இல் ஆண்பிள்ளைகளுக்கு வட்டுக்கோட்டைச் செமினரி உருவானது. பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பத்தான் ஆள் இல்லை. எழுத்துப் படிப்பது கோயில் நடனப் பெண்களுக்குரியது, குடும்பப் பெண்ணுக்கு ஆகாதது என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருந்தது.

உடுவில் பாடசாலையின் தொடக்கத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அயலில் இருந்த இரண்டு சிறுமிகள் வின்ஸ்லோ தம்பதியின் மிஷன் வீட்டு வாசலில் வந்து வேடிக்கை பார்ப்பது வழக்கம். ஒரு நாள் அவர்கள் அங்கே நிற்கும்போது கடும் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போக வழியில்லை. நேரம் ஏற ஏறப் பசி எடுத்தது, பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் சாப்பிடக் கொடுத்தார். மூத்தவள் வாங்க மறுத்தாள். அவளுக்கு விவரம் தெரியும்: அந்நியர் வீட்டில் கை நனைத்தால் சாதி போய்விடும். இளையவள் பசி தாங்காமல் சாப்பிட்டுவிட்டாள். மழை விட்டுத் தேடி வந்த பெற்றோர் இதை அறிந்து கொதித்தார்கள். பிறகு, சாப்பிட்டது சாப்பிட்டாயிற்று, இவளை இங்கேயே விட்டுப் படிப்பிக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

ஒரு வாய்ச் சாப்பாட்டில் ஒரு பிள்ளை ஒரு குடும்பத்தின் ஒழுங்கிலிருந்து வெளியே போனாள் என்பது இந்தக் கதையின் உள்ளீடு. போவதா இருப்பதா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. வீட்டு விதி அவளை ஒதுக்கியது, மிஷன் வீடு ஏற்றுக்கொண்டது. 1824 இல் உடுவில் விடுதிப் பாடசாலை ஆரம்பமானது. ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளில் ஒன்றாக அது இன்றும் நடக்கிறது.

விடுதிக்கும் ஒரு விதி இருந்தது. சேரும் பிள்ளையைப் படிப்பு முடியும் வரை திரும்பக் கூட்டிக்கொண்டு போவதில்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். உணவும் உடையும் மிஷனின் செலவு. பல பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் பணம் கொடுத்து உதவியவர்களின் பேர் சூட்டப்பட்டது. செமினரி ஆண்பிள்ளைகளுக்கும் இதே வழக்கம். கணிதத்தில் பேர்பெற்ற சுதுமலை விசுவநாதபிள்ளை 'கரோல்' விசுவநாதபிள்ளை ஆனது இவ்வாறே. படித்து முடித்த பெண்ணுக்குச் செமினரியில் படித்த கிறிஸ்தவ மாப்பிள்ளையை மிஷன் பார்த்துக் கொடுத்தது. தொடக்க காலத்தில் சிறு சீதனமும் கொடுத்தது. உணவு, உடை, பேர், மாப்பிள்ளை, சீதனம் என்று பிறந்த வீடு செய்ய வேண்டிய அத்தனையையும் மிஷன் எடுத்துச் செய்தது. பிறந்த வீடு வைத்திருந்த அதிகாரத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டது.

1840 இல் வந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உடுவில் பாடசாலையை நடத்திய எலைசா அக்னியூ அம்மையாரை 'ஆயிரம் பெண்களின் தாய்' என்று அழைத்தார்கள். அவர் ஒரு தடவைகூட விடுமுறையில் தாய்நாடு போகவில்லை. முதலில் வந்த பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும், பிறகு பேரப்பிள்ளைகளுக்கும் அவர் படிப்பித்தார். அந்தப் பாசம் உண்மையானது. அந்தப் பாசத்தின் எல்லையும் உண்மையானது: மதம் மாறாதவளுக்கும், மாறிய பின் விட்டு விலகியவளுக்கும் அந்த வீட்டில் பழைய இடம் இருக்கவில்லை. கரோல் விசுவநாதபிள்ளையே பிற்காலத்தில் சைவத்துக்குத் திரும்பினார்.

ஆனாலும் உடுவில் ஒரு காரியத்தைச் செய்து முடித்தது. பெண் எழுதலாம், கணக்குப் போடலாம், ஆசிரியையாகி மாதச் சம்பளம் வாங்கலாம் என்பதை வலிகாமத்து வீடுகள் கண்ணால் கண்டன.

இணுவில் ஆஸ்பத்திரி

யாழ்ப்பாணத்தில் மேற்கத்திய வைத்தியத்தை வேரூன்றச் செய்தவர் மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன். மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தவர் அவர். அவரிடம் படித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பிள்ளைப்பேற்றுக்கு ஆண் வைத்தியரை வீட்டுக்குள் விடுவதைக் குடும்பங்கள் விரும்பவில்லை. மருத்துவிச்சியின் கைக்கு மிஞ்சிய பேறு என்றால் தாயும் பிள்ளையும் அந்த அறைக்குள்ளேயே சாவதுதான் நடந்தது. வேலி உயிரையும் வாங்கியது.

அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்திலிருந்து 1880 இல் யாழ்ப்பாணம் வந்த மேரி, மார்கிரெட் லீச் சகோதரிகள் பெண்களுக்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று முயன்றார்கள். யாழ்ப்பாணத்தில் கழிந்த ஆண்டுகளைப் பற்றி 1890 இல் நூல் எழுதி வெளியிட்டார்கள், வெளிநாடுகளில் ஊர் ஊராகப் பேசிப் பணம் திரட்டினார்கள். அந்த முயற்சியின் பயனாக 1898 இல் இணுவிலில் மக்லியட் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரிய ஆஸ்பத்திரி. வைத்தியரும் பெண், தாதியும் பெண். இசபெல்லா கர் என்ற பெண் வைத்தியர் நீண்ட காலம் அதன் பொறுப்பில் இருந்தார். சுற்றுவட்டாரத்து மக்கள் அதை 'இணுவில் ஆஸ்பத்திரி' என்றே சொன்னார்கள்.

இந்த ஆஸ்பத்திரியால் இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, பெண் தன் உடம்புக்காக வீட்டை விட்டு வெளியே வந்து இன்னோரிடத்தில் சில நாள் தங்குவது ஊர் ஒப்புக்கொண்ட காரியமானது. இரண்டாவது, தாதிப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். தாதி வேலை அந்தக் காலத்தில் மதிப்புக் குறைந்தது. பிறர் உடம்பைத் தொட வேண்டும், தீட்டுப் பார்க்க முடியாது, இரவிலும் வேலை. அதனால் முதலில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவ வீட்டுப் பெண்களும் வீட்டில் நாதியற்றுப் போனவர்களுமே. ஆனால் வெள்ளைச் சீலையும் மாதச் சம்பளமும் இருந்தால் விதவைக்கும் கலியாணம் ஆகாதவளுக்கும் தமையன் வீட்டுக் குசினியைத் தவிர இன்னோர் இடம் உண்டு என்பதை அந்தப் பெண்கள் ஊருக்குக் காட்டினார்கள்.

மேரி இர்வின்: மிஷன் வீட்டை விட்டவர்

இணுவிலின் பெண்கள் மருத்துவப் பணிக்கு 1896 இல் வந்தவர்களில் ஒருவர் கனடாவின் ஒன்ராறியோவைச் சேர்ந்த மேரி இர்வின். 1873 இல் பிறந்தவர். பெண்கள் வைத்தியம் படிப்பதே அரிதாக இருந்த காலத்தில் ரொறன்ரோவில் படித்து வைத்தியரானவர்.

அவர் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவரான சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினத்தை மணந்தார். மிஷனால் அதை ஏற்க முடியவில்லை. ஒரே வேதத்தைப் படித்தவர்கள், ஒரே கடவுளைத் தொழுதவர்கள், ஆனால் வெள்ளைப் பெண் தமிழனை மணப்பது அந்தக் குடும்பத்தின் எல்லையைத் தாண்டிய செயல். யாழ்ப்பாணத்து வீடு சாதி பார்த்துப் பெண்ணின் கலியாணத்தைத் தடுத்தது. சாதியைக் கண்டித்த மிஷன் வீடு இனம் பார்த்தது. மேரி மிஷனை விட்டு விலகினார். தம்பதி கொழும்பில் குடியேறினார்கள். மேரி சொந்தமாக வைத்தியம் செய்தார். அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும்.

மிஷனை விட்டு வந்த பிறகே அவருடைய பெரும் பணி தொடங்கியது. 1904 இல் இலங்கைப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். தமிழ்ப் பெண்கள் சங்கத்தின் தோற்றத்திலும் முன்னின்றார். பெண்களின் உடல்நலம், பிள்ளை வளர்ப்பு, குடும்பக் கட்டுப்பாடு பற்றி வெளிப்படையாகப் பேசினார்; பாடசாலைகளுக்குச் சுகாதார நூல்கள் எழுதினார். கிராமத்துப் பெண்களைச் சேர்த்து இயங்கும் லங்கா மகிளா சமிதியை உருவாக்கினார். 1937 இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவான முதற்பெண் ஆனார். பின்னர் தொழில்நுட்பக் காரணம் காட்டி அந்தப் பதவி பறிக்கப்பட்டது. 1958 இல் மக்சாய்சாய் விருது அவருக்குக் கிடைத்தது. 1962 இல் காலமானார். இணுவிலில் அவர் இருந்த காலம் சிறிது. ஆனால் ஒரு குடும்பத்தை விட்டு மிஷன் வந்து, மிஷனையும் விட்டுத் தன் காலில் நின்ற அவருடைய வாழ்க்கை இந்த வட்டாரத்துப் பெண்களின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டியது.

மருதனார்மடத்துக் கல்லூரி

சைவக் குடும்பங்களுக்கு உடுவில் ஒரு பயத்தைக் கொடுத்தது: படிக்கப் போன பெண் மதம் மாறித் திரும்புவாள். படிப்பும் வேண்டும், சைவமும் போகக்கூடாது என்றவர்களுக்குச் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் பெண்கள் கல்லூரி ஒன்றைக் கட்டினார். விடுதியோடு கூடிய பெரிய கட்டடம், கோயில் வழிபாடு, சைவ உணவு, சங்கீதம், ஆங்கிலம், தமிழ், வடமொழி என்று எல்லாம் அமைந்தன. இணுவில், சுன்னாகம், உடுவில் வீடுகளில் இருந்து மட்டுமல்லாமல் தொலைவிலிருந்தும் பெண்பிள்ளைகள் வந்து தங்கிப் படித்தார்கள். திருநீறு அழியாமல் வீட்டை விட்டு வெளியே போகலாம் என்ற நிலை சைவப் பெண்ணுக்கு இங்கே கிடைத்தது.

அந்தக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்த 1912 இலேயே இலங்கை வந்தவர் புளோரன்ஸ் பார் என்ற ஆங்கிலப் பெண். இலண்டன் மேடைகளில் பேர்பெற்ற நடிகை. இப்சனின் நாடகத்தில் நடித்தவர். பெர்னாட் ஷாவுக்கும் கவிஞர் யேட்ஸுக்கும் நெருங்கிய நண்பர். கணவனைப் பிரிந்து, 1895 இல் சட்டப்படி மணவிலக்குப் பெற்று, தனித்து வாழ்ந்தவர். பெண்ணின் நிலை பற்றி 1910 இல் நூல் எழுதியவர். அப்படிப்பட்ட ஒருவரை யாழ்ப்பாணத்துச் சைவத் தந்தையர் தங்கள் பெண்களுக்கு ஆசிரியையாக ஏற்றுக்கொண்டது இராமநாதனின் பேருக்காக. புற்றுநோயால் அவர் 1917 ஏப்ரலில் கொழும்பில் இறந்தார்.

கல்லூரியின் நோக்கம் குடும்பத்தை விட்டுப் போகும் பெண்ணை உருவாக்குவதல்ல. நல்ல சைவ மனைவியை, படித்த தாயை உருவாக்குவது. இராமநாதனின் எல்லை எதுவென்பது 1927 இல் துலங்கியது. அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க டொனமூர் ஆணைக்குழு வந்தபோது பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை அவர் எதிர்த்தார். அதே ஆண்டில் உருவான பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அதே ஆணைக்குழுவின் முன் சென்று வாக்குரிமை கேட்டது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் இணுவிலுக்கென்று வந்து மிஷனை விட்ட மேரி. பெண்ணுக்குப் படிப்புக் கொடுக்கலாம், முடிவெடுக்கும் உரிமை கொடுக்கக்கூடாது என்ற நிலைப்பாடும், இரண்டும் சேர்ந்தே வரவேண்டும் என்ற நிலைப்பாடும் அன்று நேருக்கு நேர் நின்றன.

ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வாக்குக் கொடுக்கலாம் என்றது. 1931 இல் நடைமுறைக்கு வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் 21 வயது என்றானது. ஆனால் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் முழுச் சுயராச்சியம் கேட்டு அந்த ஆண்டின் தேர்தலைப் பகிஷ்கரித்ததால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு இடங்களும் வெற்றாகக் கிடந்தன. 1934 இல்தான் அவை நிரப்பப்பட்டன. இணுவில் பெண்ணுக்குச் சட்டத்தில் கிடைத்த வாக்கு மூன்று ஆண்டுகள் பயன்படாமல் கிடந்தது.

வேலிக்கு வெளியே இருந்தவர்கள்

இதுவரை சொன்னது பெரும்பாலும் காணியுள்ள சாதிகளின் கதை. ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களை வேலிக்குள் வைத்திருக்க அவர்களின் குடும்பங்களுக்கு வசதி இருக்கவில்லை. தோட்டத்திலும் வயலிலும் பிறர் வளவுகளிலும் அவர்கள் வேலை செய்தார்கள். அவர்களைக் கட்டியாண்டது தங்கள் வீட்டுத் தகப்பனைவிட ஊர்ப் பெரிய வீடுகளின் அதிகாரம். விடுதிப் பாடசாலைகளில் அவர்களுக்கு இடம் எளிதாகக் கிடைக்கவில்லை. பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருக்க வேண்டும், சேர்ந்து சாப்பிட வேண்டும் என்று 1929, 1930 அளவில் அரசு வற்புறுத்தியபோது யாழ்ப்பாணத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது, பாடசாலைகள் எரிக்கப்பட்டன. ஒரு வீட்டின் பெண்ணுக்குத் திறந்த கதவு இன்னொரு வீட்டின் பெண்ணுக்கு மூடியே இருந்தது என்பதை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது.

எழுத்துக் கலியாணமும் இயக்கமும்

1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுச் சட்டம் சாதி கேட்காமல் விவாகத்தைப் பதிவு செய்ய இடம் கொடுத்தது. யாழ்ப்பாணத்தார் இதை 'எழுத்து' என்றார்கள். பெற்றோர் பேசி வைத்த கலியாணத்துக்கும் எழுத்து உண்டு. விரும்பிக் கூடிய இருவர் பதிவுகாரரிடம் போய் ஒப்பமிட்டுவிட்டு வருவதும் உண்டு. பின்னதற்கு ஊரில் 'ஓடிப்போனாள்' என்ற பேர். ஓடிப்போனவளுக்குச் சீதனம் இல்லை, தாய்வீட்டுப் படலை ஆண்டுக்கணக்கில் திறக்காது. ஆசிரியை, தாதி, எழுதுவினைஞர் என்று சம்பளம் பெறும் பெண்களின் தொகை கூடக் கூடவே இந்த முடிவை எடுத்துத் தாங்கி நிற்பது இயலுமாயிற்று.

1980களில் போர் இன்னொரு வாசலைத் திறந்தது. படிப்பை விட்டு, வீட்டாருக்குச் சொல்லாமல் இளம்பெண்கள் ஆயுத இயக்கங்களுக்குப் போனார்கள். சிலர் இனத்துக்காகப் போனார்கள். சிலருக்கு அது குமராகக் காத்திருக்கும் வாழ்விலிருந்து வெளியேறும் வழியாகவும் இருந்தது. அந்த வாசலால் போனவர்கள் விரும்பியபோது திரும்பி வர முடியவில்லை. பிற்காலத்தில் விரும்பாதவர்களும் பிடித்துக்கொண்டு போகப்பட்டார்கள். பரந்தனில் பிறந்து 1991 இல் விடுதலைப் புலிகளில் சேர்ந்து, மகளிர் அரசியற் பிரிவின் பொறுப்பாளராக இருந்த தமிழினி எழுதிய 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் 2015 இல் இறந்த பிறகு, 2016 இல் நூலாக வந்தது. வீட்டை விட்டுப் போன ஒரு பெண், தான் போய்ச் சேர்ந்த பெரிய வீட்டின் அதிகாரத்தையும் திரும்பிப் பார்த்துக் கணக்கெடுக்கும் தன்வரலாறு அது. மிஷனரிமார் உடுவில் பெண்களைப் பற்றி எழுதினார்கள்; இங்கே பெண்ணே தன்னைப் பற்றி எழுதினாள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கிய வைத்தியர் ராஜினி திராணகமவும் இந்த வரிசையில் வருபவர். 1977 இல் சிங்களவரான தயாபாலவை மணந்தவர்; 'முறிந்த பனை' நூலை எழுதியவர்களில் ஒருவர்; ஆதரவற்ற பெண்களுக்காக யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பட்ட பூரணி இல்லத்தின் பின்னால் நின்றவர். எந்த ஆயுதத்துக்கும் அடங்காமல் பேசிய அவர் 1989 செப்ரெம்பர் 21 ஆம் திகதி, இணுவிலிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ள திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இன்றைய சட்டம்

சட்டத்தின் பிடி படிப்படியாகத் தளர்ந்தது. முழு வயது 1989 இல் 21 இலிருந்து 18 ஆகக் குறைந்தது. 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெண்ணுக்கு 12 என்று இருந்த மிகக் குறைந்த விவாக வயது 1995 இல் 18 ஆக உயர்ந்தது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி கணவனிடமிருந்து மட்டுமல்ல, தகப்பன், தமையன் முதலிய உறவினரிடமிருந்தும் பாதுகாப்புக் கேட்டு ஒரு பெண் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாம். அடி மட்டுமல்ல, மனத்தை வதைப்பதும் அந்தச் சட்டத்தில் வன்முறை.

தேசவழமையின் ஒரு முடிச்சு மட்டும் அவிழாமல் இருக்கிறது. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசொமைச் சட்டம் மனைவியின் சொத்தை அவளுடைய தனிச் சொத்து என்று ஒப்புக்கொண்டது. அசையும் பொருளை அவள் தன் விருப்பப்படி கொடுக்கலாம், விற்கலாம். மரணசாதனம் எழுதிக் காணியையும் விருப்பமானவருக்கு விடலாம். ஆனால் உயிரோடு இருக்கும்போது காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். அவன் காரணமில்லாமல் மறுத்தாலோ கைவிட்டுப் போயிருந்தாலோ அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடி அனுமதி பெறவேண்டும்.

நொத்தாரிசின் கந்தோரில் உறுதி முடிக்கும் வேளையில் இது கண்முன் தெரியும். காணி அவளுடையது, தாய் வழியாக வந்த சீதனம். அவள் பட்டதாரியாக இருக்கலாம், வைத்தியராக இருக்கலாம், அந்தக் கணவனைவிடக் கூடுதலாகச் சம்பளம் எடுப்பவளாக இருக்கலாம். உறுதியில் அவள் ஒப்பமிட்ட பிறகு கடதாசி பக்கத்தில் இருப்பவனிடம் நகரும். அவனும் ஒப்பமிட்டால்தான் விற்பனை செல்லும். கணவனின் காணிக்கு மனைவியின் ஒப்பம் அப்படித் தேவைப்படுவதில்லை. 1824 இல் உடுவில் மழையில் தொடங்கியதாகச் சொல்லப்படும் வெளியேற்றம் இந்த மேசையில் இன்னும் முடியவில்லை.